ஈரோடு சனிக்கிழமை சட்ட வகுப்பு: நாலு வாரம் போன அனுபவம்

ஈரோட்டில் ஒரு மாடியில் சட்ட மாணவர்களுக்காக நடக்கும் சனிக்கிழமை வகுப்புக்குப் பெருந்துறையிலிருந்து பஸ் ஏறிப் போய் வருகிறேன். மூன்றாவது வாரத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

அன்று எடுத்தது காங்கோவின் கிளர்ச்சிப் படைத் தளபதி போஸ்கோ என்டகாண்டா மீதான வழக்கு. அவருடைய படையில் 15 வயதுகூட ஆகாத சிறுமிகளைச் சேர்த்து, அந்தப் படைக்காரர்களே அவர்களை வன்புணர்ந்து பாலியல் அடிமைகளாக வைத்திருந்தார்கள். போர்ச் சட்டம் எதிரியிடமிருந்துதானே காக்கும், சொந்தப் படைக்குள் நடந்தது எப்படிப் போர்க்குற்றமாகும் என்பது என்டகாண்டா தரப்பு வாதம். மேடம் அதைப் பலகையில் எழுதி, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களே பதில் சொல்லுங்க" என்று பேசாமல் நின்றார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "ஏனுங்க மேடம், யார் செஞ்சாலும் கொடுமை கொடுமைதானுங்களே" என்றாள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு 2017 ஜூனில் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்! 2019இல் என்டகாண்டாவுக்கு 30 ஆண்டு சிறை, 2021இல் அது உறுதியானது.

அதற்கு முன் 2012இல் அதே படையின் தலைவர் லுபாங்காவுக்குத் தண்டனை கிடைத்தது சிறுவர்களைப் படையில் சேர்த்துப் போரில் இறக்கியதற்கு மட்டும்தான், பாலியல் வன்முறை குற்றச்சாட்டிலேயே இல்லை என்று கேட்டபோது வயிறு எரிந்தது.

குறை என்றால், ஜெராக்ஸ் நோட்ஸ் பாதி மங்கல். அப்புறம் உகாண்டாவின் ஓங்வென் வழக்கைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். கிளர்ச்சிப் படையால் சிறுவனாகக் கடத்தப்பட்டவரே வளர்ந்து அதன் தளபதியாகி, கட்டாயத் திருமணத்துக்கும் கட்டாயக் கர்ப்பத்துக்கும் தண்டனை பெற்ற வழக்கு, அதற்கு ஒரு முழு வாரம் வேண்டும். அடுத்த மாதமும் பணம் கட்டிவிட்டேன்.