எதிரெதிர்க் கருப்பட்டிக் கடைகள்

1986இல் மாவட்டம் பிரிந்தபோது தூத்துக்குடியோடு போய்விட்டாலும், உடன்குடி எங்களுக்கு நெல்லைச் சீமைதான். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் எதிரெதிரே இரண்டு கருப்பட்டிக் கடைகள்.

ஒன்றில் சீனிப்பாகு கலந்த சரக்கு. உடைத்தால் உள்ளே பளபளவென்று மின்னும். விலை மலிவு, ஆண்டு முழுவதும் கிடைக்கும். முதலாளிக்கு மாடி எழும்பிவிட்டது.

எதிர்க்கடை அண்ணாச்சியிடம் பதனீர் காய்ச்சிய கருப்பட்டி மட்டும்தான். கறுத்து, மழைக்காலத்தில் கசிந்து, பார்க்க அழகாகவே இருக்காது. சரக்கு தீர்ந்தால், "அடுத்த கோடைக்கு வாருங்கள்" என்று ஆளைத் திருப்பி அனுப்புவார். பிழைக்கத் தெரியாதவர் என்றுதான் நானும் நினைத்தேன். மெதுவாகச் சேர்த்தாலும், கடன் இல்லாமல் கடையைச் சொந்தமாக்கிக்கொண்டார்.

மாடிவீட்டுக்காரர், மகளின் பேறுகால மருந்துக்குக் கருப்பட்டி வாங்க இங்கேதான் ஆள் அனுப்பினார்.