திருச்சி வானொலி 936: டெல்டாக்காரர் வீட்டில் இருக்க வேண்டிய ரேடியோ

திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, பெரம்பலூர் பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சினிமாப் பாட்டு மட்டும் போதும் என்றால் தனியார் எஃப்.எம் எத்தனையோ இருக்கிறது, அகில இந்திய வானொலியின் ரெயின்போவும் 102.1-ல் வருகிறது. ஆனால் நம்ம ஊர் வயல், ஆறு, கோயில், கச்சேரி பற்றிய பேச்சு காதில் விழ வேண்டும் என்றால் எஃப்.எம்மைவிடத் தூரம் எட்டும் பழைய மீடியம் வேவ் அலையில் 936 கிலோஹெர்ட்ஸுக்கு முள்ளைத் திருப்புங்கள். 1939 மே 16-ல் ஆரம்பித்த நிலையம் இது, சென்னை வானொலியை விட ஒரு வயதுதான் இளையது.

இதில் முதல் இடம் விவசாய நிகழ்ச்சிகளுக்குத்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. ஜப்பான் நெல்லையும் நம்ம நெல்லையும் ஒட்டி உருவாக்கிய ரகம், ஜூனில் தொடங்கும் குறுவைப் பருவத்துக்கு ஏற்றது. அதை எப்படி நாற்று விடுவது, எப்போது உரம் போடுவது என்று திருச்சி வானொலி விடாமல் சொல்லிச் சொல்லி, தஞ்சாவூர் ஜில்லா முழுக்க அந்த நெல் பரவி, கடைசியில் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரு ஒலிபரப்பு நிலையத்துக்கு இதைவிடப் பெரிய விருது என்ன இருக்க முடியும்? அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப் போகவில்லை. வேளாண் அதிகாரி ஒருவர் பேட்டியில் 'ஹெக்டேருக்கு இவ்வளவு கிலோ' என்று ஆரம்பித்தால், கேள்வி கேட்பவர் குறுக்கே புகுந்து 'ஏக்கருக்கு எவ்வளவு வரும் சார்?' என்பார். அடுத்து, மருந்தைக் காலையில் அடிக்கணுமா சாயங்காலம் அடிக்கணுமா, புகையான் பூச்சி விழுந்த வயலில் தண்ணீரை வடிக்கணுமா வேண்டாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவார். வரப்பில் நிற்கிறவனுக்கு வேண்டியது இந்தக் கேள்விகள்தான். யூடியூப்பில் ஆயிரம் வீடியோ இருக்கிறது, பாதிக்கு மேல் ஏதாவது ஒரு மருந்தை விற்பதற்காகப் போட்டது. இங்கே யாரும் எதையும் விற்க வரவில்லை, அதனாலேயே நம்பிக் கேட்க முடிகிறது.

அப்புறம் தண்ணீர்க் கணக்கு. மேட்டூர் அணை நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எத்தனை ஆயிரம் கன அடி என்பது வெளியூர்க்காரருக்கு வெறும் நம்பர். ஜூன் 12-ல் அணை திறக்குமா திறக்காதா என்று பார்த்துத்தான் இங்கே குறுவைக்கு நாற்றங்கால் போடுவதா, அதை விட்டு நேரே அடுத்த பருவமான சம்பாவுக்குப் போவதா என்று முடிவு செய்கிறோம். எங்கள் வீட்டில் அந்தச் செய்தி வரும்போது மிக்ஸியைக் கூட அணைத்துவிடுவார்கள்.

சங்கீதப் பிரியர்களுக்கும் இது சொந்த நிலையம் மாதிரிதான். காவிரிக்கரை நாகஸ்வரமும் தவிலும் வீட்டுக்குள் வந்தது இந்த வழியாக. திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனை பாடுவதை நேரடியாகக் கேட்கலாம். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் பரமபதவாசல் திறப்பதை வர்ணனையோடு தருவார்கள். கூட்டத்தில் போய் நிற்க முடியாத பெரியவர்களுக்கு அந்த விடியற்காலை ஒலிபரப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பது வீட்டில் வயசானவர்கள் இருந்தால் உங்களுக்கே தெரியும்.

குறையும் சொல்ல வேண்டும். எழுதி வைத்து வாசிக்கும் உரைகள் சில ரொம்ப இழுவை, பேசுகிறவர் மூச்சு விடுவதே பாராவுக்கு ஒருமுறைதான். விஷயம் நல்லதாக இருந்தாலும் இளைஞர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதே ஆளை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தால் பிரமாதமாகப் பேசுவார், வயல் பேட்டிகளில் அதுதானே நடக்கிறது.

பெரிய சிக்கல் கருவிதான். செல்போனில் எஃப்.எம் இருந்தால்கூட மீடியம் வேவ் இருக்காது. கடையில் 'எல்லாம் எடுக்கும் சார்' என்பார்கள், அந்தப் பேச்சை நம்பாதீர்கள். எனக்கு அப்படி விற்ற ஒரு ரேடியோவில் எஃப்.எம்மும் புளூடூத்தும் மட்டும்தான் இருந்தது. டயலில் 'எம்.டபிள்யூ' என்று போட்டு 540 முதல் 1600 வரை எண்கள் இருக்கிறதா என்று பார்த்து, கடையிலேயே 936-ஐ வைத்துக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கரகரப்பு வந்தால் ஏரியலை இழுக்காதீர்கள், அது எஃப்.எம்முக்கானது. மீடியம் வேவை வாங்குவது உள்ளே படுத்திருக்கும் ஒரு கறுப்புக் குச்சி. அதனால் பெட்டியையே மெல்லத் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கத்தில் சட்டென்று குரல் தெளியும். மலிவான எல்.இ.டி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் பக்கத்தில் வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும், ஜன்னல் ஓரம் நல்லது. ராத்திரியில் தூரத்து நிலையங்கள் வானத்தில் பட்டுத் திரும்பி வந்து கலக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இந்தத் தொல்லை எல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் திருச்சி நிலையம் இருக்கிறது, சத்தம் கண்ணாடி மாதிரி சுத்தம்.

ஆனாலும் செயலி இருக்கிறதே என்று மீடியம் வேவை விட்டுவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, போன் வெறும் தகடு. அப்படி ஒரு நேரத்தில் இரண்டு பேட்டரி போட்ட ரேடியோவில் எடுப்பது தூரத்திலிருந்து வரும் மீடியம் வேவ்தான், எஃப்.எம் அலை அவ்வளவு தூரம் எட்டாது. நாட்டில் பல இடங்களில் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை மூடிவிட்டார்கள், செலவு அதிகம், கருவி பழசு என்று காரணம் சொல்கிறார்கள். திருச்சியில் அது நடக்கவே கூடாது. கேட்கிறவர்கள் தபாலிலோ மெயிலிலோ நிலையத்துக்கு எழுதுங்கள், எந்த ஊரில் எந்த நிகழ்ச்சியைக் கேட்கிறீர்கள் என்று ஊர் பெயரோடு எழுதுங்கள்.