அடர் பழுப்புக் கூரை, ஆனால் சூடு குறைவு: சில கோடைகள் கண்ட அனுபவம்

மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறை ஒன்று உண்டு. அம்மா துணி தைப்பது அங்கேதான். வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயில் பட்டு எதிர்வீட்டு ஜன்னலில் கண் கூசும் என்பதால், வெப்பத்தைத் திருப்பிவிடும், தானே சுத்தமாகும் அடர் பழுப்புப் பூச்சு அடித்தோம்.

அடர் நிறம் எப்படிச் சூடேறாமல் இருக்கும்? வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். சாதாரணக் கறுப்பு பெயிண்டில் உள்ள கார்பன் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். குரோமியம்-இரும்பு ஆக்ஸைடு போன்ற நிறமிகளோ அகச்சிவப்பில் நல்ல பங்கைத் திருப்பிவிடும். நிறமியைத் தாண்டி உள்ளே இறங்கும் கதிரைத் திருப்பத்தான் அடியில் வெள்ளை கோட். "மறையப்போற கோட்டுக்கு எதுக்குண்ணே செலவு?" என்றார் பெயிண்டர். அந்தச் செலவை மட்டும் குறைக்காதீர்கள்.

பக்கத்திலேயே படிக்கட்டுக்கு மேல் சாதாரணப் பழுப்பு ஷீட் இருக்கிறது. கத்திரி வெயிலில் மதியம் அதில் கை வைத்தால் சுரீர் என்று சுடும். பூச்சு அடித்த கூரையில் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கலாம். முன்பெல்லாம் பதினொரு மணிக்கே மிஷினை மூடிவிடும் அம்மா, இப்போது மாசி, பங்குனியில் மதியமும் தைக்கிறார். கத்திரியில் மட்டும் முடியவில்லை. கண் கூசும் பிரச்சினை இல்லாதவர்கள் வெள்ளையே அடியுங்கள். குளிர்ச்சியில் அதை இது எட்டாது.

அப்புறம், தானே சுத்தமாகும் விஷயம். முதல் மழையில் தாமரை இலையில் போலவே துளிகள் உருண்டு, தூசியையும் வாரிக்கொண்டு ஓடின. பார்க்கவே ஆசையாக இருந்தது. பூச்சின் மேல் இருக்கும் நுண்ணிய சொரசொரப்பும் தண்ணீர் ஒட்டாத தன்மையும் சேர்ந்து செய்யும் வேலை அது. மழையில்லாத மாதங்களில் தூசி அப்படியே படிகிறது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போய்விடும். காக்கை எச்சம் மட்டும் காய்ந்துவிட்டால் போகாது. அதற்காகப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் அந்தச் சொரசொரப்பே போய்விடும். டிஷ் சரிசெய்ய ஏறியவர் மிதித்த இடங்களில் இப்போது துளி உருளுவதில்லை, தண்ணீர் பரவி நிற்கிறது. வாரண்டி சீட்டைப் பிரித்துப் பார்த்தால் உரிவதற்கு மட்டும்தான் பொறுப்பாம், இதற்கில்லையாம்.

வாங்குமுன் எஸ்.ஆர்.ஐ. எண்ணைக் கேளுங்கள்; வெயிலில் கூரை எவ்வளவு சூடேறாமல் இருக்கும் என்று காட்டும் எண் அது (சோலார் ரிஃப்ளெக்டன்ஸ் இண்டெக்ஸ்). வழக்கமான கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று வைத்த அளவு அது. கேட்லாக்கில் பெரிதாகப் போட்டிருப்பது வெள்ளைக்கான எண்ணாக இருக்கலாம். நீங்கள் எடுக்கும் நிறத்துக்கே எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.