திங்கட்கிழமை இறங்கினால் மட்டும் வாங்குங்கள்: பாரிஸின் நவிகோ வார பாஸ்

பாரிஸ் போய் வந்தவர்கள் எல்லாரும் ஈபிள் டவர் படம் போடுகிறார்கள், நானும் போட்டேன். ஆனால் அந்த ஒரு வாரத்தில் கொடுத்த காசுக்கு முழுசாகத் திருப்பித் தந்தது எது என்று கேட்டால், நவிகோ என்கிற பிளாஸ்டிக் அட்டையைத்தான் சொல்வேன். 2025 மே மாதம் நானும் மனைவியும் போயிருந்தோம். அட்டைக்கு 5 யூரோ, அதில் ஏற்றிய ஒரு வார பாஸுக்கு 31.60 யூரோ, ஆளுக்கு 36.60. மெட்ரோ, பஸ், டிராம், புறநகர் ரயில் எல்லாம் இதிலேயே போகலாம். எத்தனை முறை ஏறினாலும் கணக்கு இல்லை. விமான நிலையத்துக்கும் இதுவே செல்லும், வெர்சாய் அரண்மனைக்குப் போகும் ரயிலுக்கும் இதுவே. ஓர்லி விமான நிலையத்தில் ஓடும் ஓர்லிவால் என்ற சின்ன ரயிலுக்கு மட்டும் செல்லாது, ஆனால் 14ஆம் லைன் மெட்ரோ 2024லிருந்து அங்கேயே போய்விடுவதால் அது ஒரு குறையே இல்லை.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தெரியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. வார பாஸ் என்றால் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவோடு முடியும், நீங்கள் எப்போது வாங்கினாலும் சரி. வியாழன் வரைக்கும் அந்த வாரத்துக்கான பாஸ் கிடைக்கும், வெள்ளிக்கிழமையிலிருந்து அடுத்த வாரத்துக்குத்தான். அதாவது வியாழன் மாலை வாங்குகிறவரும் திங்கள் காலை வாங்குகிறவரும் கொடுப்பது ஒரே காசு. சுற்றுலாப் பயணிகளை மனதில் வைத்து யோசித்த திட்டம் இல்லை இது, வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரர்களுக்காக வைத்தது. நாம் இடையில் புகுந்துகொள்கிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது, போட்டோ. 2.5 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரத்தில் ஒரு படம் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். நம்மூர் பாஸ்போர்ட் சைஸ் படம் இதற்குப் பெரிது. படத்தை முன்கூட்டியே வெட்டிக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத் தெரியும், இருந்தும் செய்யவில்லை. திங்கட்கிழமை காலை கார் து நோர் ஸ்டேஷனில் ஒரு தூணோரம் நின்று நகவெட்டியில் இருந்த குட்டிக் கத்தரியால் வெட்டினேன். மனைவியின் படம் ஒழுங்காக வந்தது. என்னுடையதில் நெற்றி பாதி போய்விட்டது. அந்தப் படத்தோடுதான் ஒரு வாரம் ஊர் சுற்றினேன்.

சரி, காசுக் கணக்கு. நாங்கள் போன 2025ல் மெட்ரோ ஒரு முறைக்கு 2.50, பஸ்ஸுக்கு 2 யூரோ, இரண்டுக்கும் வேறு வேறு டிக்கெட், மெட்ரோவில் இறங்கி அதே டிக்கெட்டில் பஸ் ஏற முடியாது. விமான நிலையத்துக்கு அப்போது 13 யூரோ. நாங்கள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் ஞாயிறு இரவு வந்திறங்கி, அடுத்த ஞாயிறு இரவு விமானம் ஏறினோம். ஆக, விமான நிலையப் பயணம் ஒன்று பாஸுக்குள் வந்துவிட்டது. 36.60ல் 13ஐக் கழித்தால் மீதி 23.60, பத்து மெட்ரோ பயணத்தில் அது கழிந்துவிடும். புதன்கிழமை மதியத்துக்குள் எங்களுக்குக் கழிந்தது. திங்கள் காலை வந்து ஞாயிறு இரவு கிளம்புபவர் விமானத்திலேயே வந்து போனால், அந்த விலையில் ஐந்தாவது மெட்ரோ பயணத்திலேயே லாபம் தொடங்கிவிடும்.

ஆனால் லாபத்துக்காக மட்டும் என்றால் இவ்வளவு எழுதமாட்டேன். ஒவ்வொரு முறை இறங்கி ஏறுவதற்கும் 2.50 என்றால், ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் நம் புத்தி சும்மா இருக்காது. பார்க்க வேண்டிய இடத்துக்கு மட்டும் போய், பார்த்து, திரும்பி வருவோம். பாஸ் கையில் இருந்தால் ஜன்னலில் ஏதோ ஒரு தெரு நன்றாக இருக்கிறதே என்று இறங்கலாம், பிடிக்கவில்லையா, அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். பாரிஸை வட்டாரம் வட்டாரமாகப் பார்க்க இதுதான் வசதி. 1860ல் சுற்றியிருந்த ஊர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு நகரத்தை 20 வட்டாரமாகப் பிரித்திருக்கிறார்கள். லூவ்ர் இருக்கும் நடுப்பகுதியில் 1 தொடங்கி, நத்தை ஓட்டின் சுருள் மாதிரி வெளியே சுற்றிக்கொண்டே போய், கிழக்கே 20ல் முடியும். நீல நிறத் தெருப் பலகையின் தலையில் வட்டார எண் இருக்கும், அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கமும் அதுதான், 75018 என்றால் பதினெட்டு. இரண்டு நாளில் பழகிவிடும்.

நாங்கள் தங்கியது பத்தாம் வட்டாரத்தில். அங்கிருந்து நடக்கிற தூரம்தான் லா ஷாப்பல், நம்மவர்கள் வாயில் லாச்சப்பல். எண்பதுகளில் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த ஈழத்தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு. ரூ து ஃபோபூர் சேன் தெனியின் மேல் பகுதியில் திரும்பியதும் தமிழ்ப் பலகைகள் வரிசையாகத் தொடங்கிவிடும். முருங்கைக்காய், புடவை, நகை, பயண முகவர், கொத்து ரொட்டித் தட்டும் சத்தம். மிதிவெடி என்று கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து மனைவி திடுக்கிட்டாள், அது முட்டை வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல். ஒன்று சாப்பிட்டால் ராத்திரிச் சாப்பாடு தேவையில்லை. பாஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போனேன். கடையிலிருந்த பெரியவர் பார்த்ததும், "தம்பி, உதை உள்ளுக்கை வையுங்கோ, வெளியிலை தொங்கவிடாதையுங்கோ. எங்கையிருந்து வாறியள், இந்தியாவோ?" என்றார். ஜேப்படிக்காரர்கள் பற்றி ஊரில் எல்லாரும் சொல்லி அனுப்பியதை எல்லாம் கேட்காதவன், அவர் சொன்னதும் உள்ளே வைத்தேன்.

லா ஷாப்பல் பெருஞ்சாலையைக் கடந்தால் பதினெட்டாம் வட்டாரம். ரூ பஜோலில் ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம், 1985ல் தொடங்கியது. தேர்த் திருவிழா கோடையின் கடைசியில்தான் வரும், தெருவெல்லாம் தேங்காய் உடைப்பார்கள் என்றார்கள், எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. இங்கே 2ஆம் லைன் மெட்ரோ இரும்புத் தூண்கள் மேல் தலைக்கு மேலே ஓடுகிறது. பார்பெஸ்ஸில் ஏறி ஜோரேஸ் வரைக்கும் போனால் நான்கே ஸ்டேஷன், எல்லாம் வெளிச்சத்தில், கீழே கார் து நோர், கார் தெ லெஸ்த் இரண்டு ஸ்டேஷன்களுக்கும் போகும் தண்டவாளங்கள் விசிறி மாதிரி விரிந்து கிடக்கும். வேலையே இல்லாமல் மூன்று முறை போய் வந்தோம். தனி டிக்கெட்டில் யாராவது செய்வார்களா?

பார்பெஸ்ஸுக்கு வடக்கே கூத் தோர் என்ற பகுதி, ஷாதோ ரூஜ் ஸ்டேஷனில் இறங்கினால் ஆப்பிரிக்கக் கடைத்தெரு. மரவள்ளி, வாழைக்காய், காய்ந்த மீன், பூப்போட்ட துணி, ஒரே கூச்சல். அங்கிருந்து பத்து நிமிடம் நடந்து மேலே ஏறினால் மோன்மார்த்ர், சாக்ரே கர் பேராலயம், செல்ஃபி கும்பல். இரண்டும் ஒரே வட்டாரம் என்று நம்பவே முடியாது. குன்றுக்குப் போகும் இழுவை ரயிலுக்கும் நவிகோ செல்லும், 222 படி மிச்சம். மேலே ஓவியர்கள் உட்கார்ந்திருக்கும் சதுக்கத்தைச் சுற்றி இருந்த ஓர் உணவகத்தில் ஆறிப்போன வெங்காய சூப்புக்கு நாங்கள் கொடுத்த காசை எழுத மனம் வரவில்லை. சதுக்கத்தை விட்டு இரண்டு தெரு கீழே இறங்கிச் சாப்பிடுங்கள். இறங்கும்போது அபெஸ் ஸ்டேஷனில் லிஃப்ட் பிடியுங்கள், தயவுசெய்து படியில் இறங்காதீர்கள், 36 மீட்டர் ஆழம், ஊரிலேயே ஆழமான ஸ்டேஷன். ஏதோ நாலு படிதானே என்று ஆரம்பித்தேன். சுவரில் படம் வரைந்திருந்தார்கள், ரசிக்கிற நிலைமையில் நான் இல்லை.

படி என்றதும் சொல்ல வேண்டியது, மெட்ரோவில் ஏறி இறங்கும் படிகள்தான் இந்த பாஸின் பெரிய பிரச்சினை. 1900ல் ஓடத் தொடங்கிய மெட்ரோ, பெரும்பாலான ஸ்டேஷன்களில் லிஃப்ட் கிடையாது. முழுக்க லிஃப்ட் வசதி உள்ளது 14ஆம் லைன் மட்டும்தான். முட்டி வலி உள்ள அம்மா அப்பாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் மெட்ரோவை மறந்துவிட்டு இதே பாஸில் பஸ்ஸிலேயே சுற்றுங்கள். 69ஆம் நம்பர் பஸ் ஒன்று போதும். ஈபிள் டவர் பக்கத்துப் புல்வெளியில் கிளம்பி, அன்வாலிட், ஓர்சே அருங்காட்சியகம், லூவ்ர், நகர மண்டபம், பஸ்தீல் எல்லாம் காட்டி கிழக்கே கம்பெத்தா வரைக்கும் போகும். மாடி பஸ்ஸில் தனிக் காசு கட்டி, காதில் ஒயர் மாட்டிப் பார்ப்பதை இதில் ஜன்னலோரம் உட்கார்ந்தே பார்க்கலாம், பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி. பஸ்ஸில் ஏறியதும் அட்டையைக் கருவியில் தட்ட மறக்காதீர்கள், பாஸ் இருக்கிறதே என்று தட்டாமல் உட்கார்ந்தால் அதுவும் தப்புதான்.

அந்த பஸ்ஸில் முடிவுக்கு முன்னால் வருவது பெர் லாஷேஸ் கல்லறை, 44 ஹெக்டேர், 1804ல் திறந்தது. இசையமைப்பாளர் ஷோபான், எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட், பாடகர் ஜிம் மாரிசன் எல்லாம் அங்கேதான். கூட்டம் அவர்களிடம் போகிறது. நாங்கள் மூலையில் இருக்கும் கம்யூனார்டுகள் சுவருக்குப் போனோம், 1871ல் பாரிஸ் கம்யூன் கிளர்ச்சிக்காரர்கள் 147 பேரை அந்தச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். யாரோ சிவப்புப் பூ வைத்திருந்தார்கள். அங்கிருந்து மெனில்மோந்தான் வழியாகப் பெல்வில் ஏற்றம். பெல்வில் பூங்காவின் உச்சியிலிருந்து முழு நகரமும் தெரிகிறது, காசு இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, இரண்டு பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கீழே பெல்வில் ஸ்டேஷன் வாசலில் 10, 11, 19, 20 என்று நாலு வட்டாரம் வந்து முட்டுகிறது, சீனக் கடையும் வட ஆப்பிரிக்கக் கடையும் ஒட்டி ஒட்டி.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 13ஆம் வட்டாரம், சுற்றுலாக்காரர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம். 1975க்குப் பிறகு வியட்நாம், கம்போடியா, லாவோஸிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் குடியேறிய அடுக்குமாடிக் கோபுரங்கள். அவென்யூ து ஷ்வாஸியில் ஒரு கிண்ணம் ஃபோ, அதாவது வியட்நாம் நூடுல்ஸ் சூப், குடித்தால் நாலு நாள் ரொட்டி சாப்பிட்ட வயிறு நன்றி சொல்லும். அந்தக் கோபுரங்களுக்கு அடியில், கார் நிறுத்தும் இடத்துக்குப் போகிற பாதையில், ஒரு புத்தர் கோயில் இருக்கிறது. ஊதுபத்தி வாசனையைப் பிடித்துக்கொண்டு போனால்தான் கண்ணில் படும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் புத் ஓ காய் என்ற பகுதி, ஓடு வேய்ந்த குட்டி வீடுகள், சுவரோவியங்கள், ஒரு சதுக்கத்தில் ஆழ்கிணற்றுக் குழாய். உள்ளூர்க்காரர்கள் கேன் கேனாகப் பிடித்துப் போகிறார்கள். நானும் பாட்டிலில் பிடித்தேன், தண்ணீர் லேசான சூடு.

மரே, லத்தீன் குவார்ட்டர் எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவை ஒன்றுக்கொன்று நடக்கிற தூரம், அதற்கு பாஸே வேண்டாம். மூன்று நாள் தங்கி நடுப்பகுதியை மட்டும் பார்க்கப் போகிறவர் தனி டிக்கெட்டே வாங்கிக்கொள்ளட்டும். ஈபிள் டவருக்கு மட்டும் ஒரு சின்ன யோசனை: எத்வால் ஸ்டேஷனில் 6ஆம் லைன் ஏறி நாசியோன் பக்கம் போங்கள், இடது பக்கம் உட்காருங்கள். பஸ்ஸி ஸ்டேஷன் தாண்டி வண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது டவர் முழுசாக ஜன்னலுக்குள் வரும். சில நொடிதான். நாங்கள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர்ப்பக்க வண்டியில் திரும்பி, மறுபடியும் வந்தோம்.

அலுவலக நண்பன் ஒருவன் அக்டோபரில் போகிறானாம், உன் அட்டையைக் கொடு, 5 யூரோ மிச்சம் என்று கேட்டான். கொடுக்க முடியாது, பெயரும் படமும் என்னுடையது, அதுவும் நெற்றி இல்லாத படம். என்றைக்குடா இறங்குகிறாய் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை காலை, செவ்வாய் திரும்புகிறேன் என்றான். அப்படியென்றால் உனக்கு இந்த பாஸே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.