ஜி1000-உடன் ஏழு ஆண்டுகள்: ஊசி என்ன நிறம்?

கலிஃபோர்னியாவின் பேலோ ஆல்ட்டோவில் விமானம் ஓட்டக் கற்றபோது எனக்கு வாய்த்தது, பழைய வட்ட மீட்டர்கள் வைத்த செஸ்னா 172 என்ற சிறு விமானம். ஜிபிஎஸ் என்றால் தொடையில் கட்டிய ஐபேட்தான். அப்புறம் எங்கள் விமானக் கிளப்புக்கு, மீட்டர்களுக்குப் பதில் ஜி1000 என்ற திரை அமைப்பு பொருத்திய 172எஸ் ஒன்று வந்தது. ஏழு வருடமாக வார இறுதிகளில் அதைத்தான் வாடகைக்கு எடுக்கிறேன்.

ஜி1000, 2004 வாக்கில் கார்மின் நிறுவனம் கொண்டுவந்த அமைப்பு. 10.4 அங்குலத் திரைகள் இரண்டு. இடது திரையில் வேகம், உயரம், விமானத்தின் சாய்வு, திசை. வலது திரையில் வரைபடமும் எஞ்சின் அளவுகளும். ரேடியோ, ஜிபிஎஸ், விஓஆர் (தரை நிலையத்தின் ரேடியோவை வைத்து வழி காணும் முறை), ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு இறங்க வழிகாட்டும் ரேடியோக் கதிர்) எல்லாம் இதற்குள் அடக்கம்.

வரைபடத்தின் அருமை எங்கள் ஊரில் உடனே தெரிந்துவிடும். பேலோ ஆல்ட்டோவில் கிளம்பினாலே தலைக்கு மேல் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தின் கிளாஸ் பி வான்வெளி (அனுமதி வாங்கித்தான் நுழைய முடியும்), குடை விரித்த மாதிரி. அனுமதியில்லாமல் எத்தனை அடி வரை ஏறலாம் என்பது சில மைலுக்கு ஒருமுறை மாறும். முன்பு காகித வரைபடத்தையும் கீழே தெரியும் நெடுஞ்சாலையையும் மாறி மாறிப் பார்த்துக் குழம்புவேன். இப்போது எல்லைக்கோடும் என் விமானமும் ஒரே திரையில். இன்னொன்று, பக்கத்து விமான நிலையங்களின் பட்டியல். சியரா அடிவாரத்தில் இருக்கும் கொலம்பியாவுக்குப் போகும்போது, சமவெளி முடிந்ததுமே அதைத் திறந்து வைத்துவிடுவேன். எஞ்சின் நின்றால் எந்தப் பக்கம், எத்தனை மைல் என்று அந்த நேரத்தில் தேட வேண்டியதில்லை.

சரி, நான் அடிபட்ட கதைக்கு வருகிறேன். வெளியே பார்வை தெரியாதபடி முகமறைப்பு மாட்டிக்கொண்டு, லிவர்மோர் விமான நிலையத்தில் ஐஎல்எஸ் இறக்கம் பழகிக்கொண்டிருந்தேன். அப்ரோச்சை, அதாவது இறங்கும் பாதையை, திரையில் லோடு செய்யாமல், ஐஎல்எஸ் அலைவரிசையை மட்டும் கையால் போட்டிருந்தேன். பாதையிலிருந்து எந்தப் பக்கம் விலகுகிறோம் என்று இடது திரையில் காட்டும் ஊசி நட்டநடுவில் அசையாமல் நின்றது. எனக்கு ஒரே பெருமை. பயிற்சியாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஊசி என்ன நிறம்?" மெஜந்தா. அது ஜிபிஎஸ்ஸின் நிறம். விமான நிலையத்தை நோக்கி நேர்க்கோட்டில் போய்க்கொண்டிருந்தேனே தவிர, ஓடுபாதையின் ஐஎல்எஸ் கதிரை நான் பிடிக்கவே இல்லை. ஐஎல்எஸ் என்றால் ஊசி பச்சையாக இருக்க வேண்டும். பழைய விமானங்களில் தனித்தனி மீட்டர்களே பார்த்திருந்த எனக்கு, ஒரே ஊசி இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்யும் என்பது மனதில் ஏறவே இல்லை.

ஜிபிஎஸ்ஸில் ஊசியின் அளவும் மாறும். வழியில் ஒரு பக்கம் முழுக்க ஒதுங்கினால் 2 கடல் மைல் விலகல். விமான நிலையத்தை நெருங்கியதும் அதே ஒதுக்கம் 1 மைல்தான். எந்த அளவு என்று ஊசிக்கருகே காட்டும் சிறிய எழுத்தைப் பார்க்காமல் "பாதிதானே" என்று இருந்துவிட முடியாது. இப்போதெல்லாம் நிறம், திசை, அளவு மூன்றையும் வாய்விட்டே சொல்கிறேன். எங்கள் விமானத்தில் பழைய கேஏபி 140 ஆட்டோபைலட் வேறு. காற்றழுத்த விஷயத்தில் அது திரையோடு பேசாது. உயரத்தைச் சரியாகக் காட்டத் தேவையான காற்றழுத்த எண்ணைத் திரையிலும் மாற்று உயரமானியிலும் ஆட்டோபைலட்டிலும் தனித்தனியாகப் போட வேண்டும். இரண்டில் போட்டு மூன்றாவதை மறப்பது என் வாடிக்கை.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. இத்தகைய திரை கொண்ட சிறு விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவு, உயிர்ப்பலி விபத்து விகிதம் அதிகம் என்றது. லிவர்மோருக்கு முன்னால் படித்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

திரை போனால்? பயிற்சியில் இடது திரையின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துவிடுவார்கள். நடுவிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால், முக்கியமானதெல்லாம் அடுத்த திரைக்கு வந்துவிடும். கீழே மூன்று மாற்று மீட்டர்கள் உண்டு, ஆனால் குனிந்து பார்த்தே ஓட்டுவதில் கழுத்து போய்விடும். ஜிபிஎஸ் மட்டும் போவதும் நடக்கக்கூடியதே. கலிஃபோர்னியாவின் சைனா லேக் ராணுவத் தளத்துப் பக்கம் ஜிபிஎஸ் சமிக்ஞையை முடக்கிச் சோதனை செய்யும் நாட்களில் முன்கூட்டியே அறிவிப்பு வரும். அன்று விஓஆர் அலைவரிசைகளை எழுதி வைத்துக்கொண்டுதான் கிளம்புவேன்.

வழிகாட்டும் தரவுத்தளத்தை 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கிளப் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காமல், திரை எழும்பும்போது காட்டும் தேதியைப் படித்துவிடுங்கள்.

இன்னமும் கைக்கு வராதது, திரையில் எழுத்துகளைப் போட உதவும் அந்த இரட்டைக் குமிழ். பெரியதைத் திருப்பினால் கர்சர் அடுத்த கட்டத்துக்கு நகரும், சின்னதைத் திருப்பினால் அந்தக் கட்டத்தின் எழுத்து மாறும். ஆல்ட்டமான்ட் கணவாயில் காற்று உலுக்கும்போது கொலம்பியா விமான நிலையத்தின் குறியீடான "ஓ22" என்ற மூன்றெழுத்தைப் போடுவதற்குள் 200 அடி ஏறியிருப்பேன். அதனால் எல்லாவற்றையும் தரையிலேயே போட்டுவிடுகிறேன். நடுவழியில் மாற்ற வேண்டி வந்தால் பக்கத்து இருக்கையில் இருக்கும் மனைவியிடம் சொல்லிவிடுவேன். என்னைவிட அவள் வேகம்.