எப்போதாவது பிரிண்ட் எடுப்பவருக்கு இங்க் டேங்கா, லேசரா?

எங்கள் வீட்டுப் பிரிண்டருக்கு வேலை வந்தால் ஒரே நாளில் நாற்பது பக்கம் வரும். வராவிட்டால் இரண்டு மாதம் அதன்மேல் துணி போர்த்தியே கிடக்கும். நான்கு வருடம் இங்க் டேங்க், அதாவது தொட்டியில் மை ஊற்றி ஓட்டும் இங்க்ஜெட் பிரிண்டர், வைத்திருந்தேன். இப்போது இரண்டு வருடமாகக் கறுப்பு-வெள்ளை லேசர். எனவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: லேசர் பக்கம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். கலரும் போட்டோவும் முக்கியம் என்றால் இங்க் டேங்க்தான், அதில் பேச்சே இல்லை. ஒரு பக்கத்துக்கு ஆகும் மைச் செலவும் கணக்குப்படி அதில்தான் குறைவு. லேசர் வேகமானது, ஆனால் கனமானது, மேசையில் இடத்தையும் அடைத்துக்கொள்ளும்.

இந்தக் கணக்குகளில் ஒரு விஷயம் மட்டும் வருவதே இல்லை: பிரிண்டர் சும்மா இருக்கும் நாட்கள்.

இங்க்ஜெட் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். 1977இல் கேனன் ஆய்வுக்கூடத்தில், மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசிமேல் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டு மை தெறித்ததாம். சூட்டில் குமிழி உண்டாக்கி மையைத் தெறிக்கவிடும் முறை அங்கே பிறந்தது. எப்சன் பிரிண்டர்களில் சூடு கிடையாது, பீசோ என்கிற மின்தகடு அசைந்து மையைத் தள்ளும். எந்த முறையானாலும் மை வெளியே வருவது தலைமுடியைவிடச் சிறிய துளைகள் வழியாக. வீட்டு பிரிண்டர்களில் ஊற்றும் மையில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் காய்ந்தால் துளை அடைபடும்.

எனக்கு அடைபட்டது ஒரு விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்தின இரவு. மஞ்சள் வரவே இல்லை, கறுப்பு கோடு கோடாக வந்தது. துளைகள் வழியே மையைத் தள்ளி அடைப்பை எடுக்கும் ஹெட் கிளீனிங் கொடுத்தேன். சரியாகவில்லை. இன்னொரு முறை, அப்புறம் இன்னொரு முறை. டேங்கில் மை இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. கடைசியில் ஒருவழியாக எழுத்து வந்தது. அந்த மையெல்லாம் எங்கே போனது என்று அப்போதுதான் யோசித்தேன். உள்ளே ஒரு பஞ்சு இருக்கிறது, கிளீனிங்கில் வெளியேறும் மையை அது உறிஞ்சிக்கொள்ளும். அது எவ்வளவு குடித்தது என்று பிரிண்டர் கணக்கு வைக்கும். கணக்கு நிரம்பினால் டேங்க் நிறைய மை இருந்தாலும் பிரிண்ட் எடுக்க மறுத்துவிடும். சில மாடல்களில் இந்தப் பஞ்சுப் பெட்டியை நாமே மாற்றலாம், மற்றவற்றுக்கு மெக்கானிக் வர வேண்டும். வாங்கும் முன் நான் இதைக் கேட்கவே இல்லை.

இதற்கு வைத்தியம் உண்டு. வாரம் ஒருமுறை எல்லா நிறமும் வருகிற மாதிரி ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்க வேண்டும். நானும் சில மாதம் செய்தேன். தேவையில்லாத ஒரு பக்கத்தை ஞாயிறுதோறும் அடித்துக் குப்பையில் போடுவது, நாய் இல்லாத வீட்டில் நாயை நடத்திக்கொண்டு போவது போலிருந்தது. ஒரு வாரம் மறந்தேன், அப்புறம் ஒரு மாதம் மறந்தேன்.

லேசரில் காய்வதற்கு எதுவும் இல்லை. டோனர் என்பது உலர்ந்த பிளாஸ்டிக் தூள். லேசர் கதிர் டிரம் என்ற உருளையின்மேல் மின்னூட்டத்தால் எழுத்தை வரையும், தூள் அங்கே ஒட்டிக் காகிதத்துக்கு மாறும், ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் ஃப்யூசர் அதை உருக்கிப் பதிக்கும். மூன்று மாதம் கழித்து ஆன் செய்தாலும் முதல் பக்கமே பளிச்சென்று வருகிறது. சாதா காகிதத்தில் மை லேசாகப் பரவி, சிறிய எழுத்தில் 'ணை', 'னூ' போன்றவற்றின் சுழிகளை அடைத்துவிடும். லேசரில் அந்தச் சுழிகள் தனித்தனியாகத் தெரிகின்றன.

எழுத்து மங்கினால் டோனர் இருக்கும் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து இடம் வலமாக மெல்ல ஆட்டிப் போடுங்கள், இன்னும் கொஞ்சம் பக்கம் ஓடும். பெட்டியில் எழுதியிருக்கும் பக்க எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். அது பக்கத்தில் சுமார் 5 சதவீதம் மட்டும் கறுப்பு இருந்தால் வரும் கணக்கு. புதுப் பிரிண்டரோடு வருவது பல நேரம் பாதி நிரம்பிய கார்ட்ரிட்ஜ்தான்.

குறைகளும் இருக்கின்றன. ஃப்யூசர் சூடேறும்போது மின்சாரத்தைச் சட்டென்று இழுக்கும், அறை விளக்கு ஒரு கணம் மங்குகிறது. அதனால் லேசரை யூபிஎஸ்ஸில் மாட்டக் கூடாது. இங்க்ஜெட்டுக்கான பளபளப்புக் காகிதத்தை இதில் போட்டால் உள்ளே உருகி ஒட்டிக்கொள்ளலாம். டிரம் சில மாடல்களில் டோனரோடு சேர்ந்தே வரும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும். என்னுடையது தனி டிரம். இன்னும் அதை மாற்றும் நிலை வரவில்லை, வந்தபின் என் உற்சாகம் கொஞ்சம் குறையலாம். கலர் லேசர் நான் வைத்திருந்ததில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

என் தங்கை வீட்டில் இருப்பது இங்க் டேங்க். பிள்ளைகளுக்குத் தினமும் படம் போட்ட பயிற்சித்தாள் எடுக்கிறாள், மூன்று வருடமாக ஒரு அடைப்பும் இல்லை. "நீ ஏன் அதைத் திட்டுகிறாய்?" என்று கேட்கிறாள். அவள் வீட்டில் அது தினமும் ஓடுகிறது, என் வீட்டில் துணிக்கடியில் கிடந்தது. அவளிடம் லேசருக்கு மாறச் சொல்ல மாட்டேன்.

பழைய லேசர் வாங்கும் யோசனை இருந்தால், பேரம் பேசும் முன் அதன் மெனுவிலிருந்து நிலை அறிக்கைப் பக்கத்தை அச்சிடச் சொல்லுங்கள். இதுவரை எத்தனை பக்கம் ஓடியிருக்கிறது என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.