மேலாளர் ஆவதா, நிபுணராகவே தொடர்வதா?

வேலையில் ஏழெட்டு வருடம் ஓடியதும் நன்றாக வேலை செய்பவர்களில் பலருக்கு அந்தக் கேள்வி வரும். அப்ரைசல் முடிந்த கையோடு, அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்பார்கள்: "இனிமே டீமை நீங்க பாத்துக்கிறீங்களா?" பாராட்டைப் போலக் காதில் விழுவதால் அங்கேயே தலையாட்டிவிடுகிறோம். நானும் ஆட்டினேன். இரண்டரை வருடம் மேலாளராக இருந்துவிட்டு, நானே கேட்டு நிபுணர் வேலைக்குத் திரும்பினேன். அதனால் இந்த இரண்டு பாதைகளையும் வெளியே நின்று ஒப்பிடவில்லை. இரண்டிலும் நடந்த காலோடுதான் பேசுகிறேன்.

இதைப் பதவி உயர்வு என்று அழைப்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. இதுவரை கணக்குகளைத் தணிக்கை செய்தவர் இனி தணிக்கையாளர்களைக் கவனிக்கப் போகிறார். நோயாளிகளைக் கவனித்த செவிலியர் இனி மற்ற செவிலியர்களின் ஷிப்டுகளையும் மனத்தாங்கல்களையும் கவனிக்கப் போகிறார். பழைய தொழிலில் பெற்ற தேர்ச்சி புதிய தொழிலுக்குக் கொஞ்சம்தான் கைகொடுக்கும்.

ஒரு நாள் எப்படிக் கழிகிறது

இரண்டு வேலைக்கும் உள்ள தூரம் நாள்காட்டியைப் பார்த்தாலே தெரியும். நிரலாளரும் தொழில்முனைவோருமான பால் கிரகாம் 2009-ல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஒன்றை உருவாக்குபவருக்கு நேரம் அரை நாள் அரை நாளாக வேண்டும். மேலாளரின் நேரமோ மணிக்கணக்கில் துண்டு போட்டது. நிபுணரின் காலைப்பொழுதில் நடுவே ஒரு மீட்டிங் விழுந்தால் அந்தக் காலையே போய்விடும். மேலாளருக்கு அந்த மீட்டிங்தான் வேலை.

மேலாளரான முதல் சில மாதங்கள் இரண்டையும் சேர்த்துச் செய்யப் பார்த்தேன். பகல் முழுக்க மீட்டிங், இரவில் என் பழைய வேலை. புதிதாக மேலாளராகிறவர்கள் விழும் முதல் குழி இதுதான். பழைய வேலையில் கை தேர்ந்திருக்கிறது, புதியதில் தடுமாற்றம். தடுமாறும் மனம் தெரிந்த இடத்துக்கே ஓடும். அங்கே ஓடுகிற நேரமெல்லாம் டீமுக்குச் சேர வேண்டிய நேரம்.

நிறைவு எங்கிருந்து வருகிறது

நிபுணருக்குப் பலன் சீக்கிரம் தெரிந்துவிடும். வடிவமைப்பு ஓகே ஆனது, பிழை அகப்பட்டது, கணக்கு நேரானது என்று சாயங்காலம் வீடு திரும்பும்போது விரல் விட்டு எண்ணலாம். மேலாளருக்கு அது கிடையாது. சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தை வழிநடத்திய ஆண்டி குரோவ், மேலாளரின் உற்பத்தி என்பது அவருடைய டீமின் உற்பத்தியும், அவருடைய செல்வாக்கு எட்டும் பக்கத்து டீம்களின் உற்பத்தியும்தான் என்று கணக்குப் போட்டார். அப்படியென்றால் உங்கள் உழைப்பு இன்னொருவர் பெயரில்தான் வெளியே தெரியும், அதுவும் பல மாதம் கழித்து. அதைக் கண்டு உண்மையாகவே மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். என் டீமில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், ஒரு வருடத்தில் வாடிக்கையாளர் முன்னால் தனியாக நின்று பேசி முடித்த அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை, என் சொந்த வேலை எதுவும் தந்ததில்லை. ஆனால் அப்படிப்பட்ட நாள்கள் அரிது. இடைப்பட்ட நாள்களைத் தாங்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

தவறின் விலை

இதில்தான் மேலாளர் பாதை எனக்குக் கனத்தது. நிபுணராக நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவற்றைத் திருத்த முடிந்தது. மேலாளராகச் செய்த தவறு ஒரு மனிதர்மேல் போய் விழுந்தது.

டீமில் ஒருவருடைய வேலை சரிந்துகொண்டே வந்தது. நல்ல மனிதர், வயதில் என்னைவிடப் பெரியவர். எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். நடுவில் அவருடைய வேலையில் பாதியை நானே ராத்திரியில் சரிசெய்தேன். கடைசியில் அப்ரைசலில்தான் அவர் அதை முதல்முறையாகக் கேட்டார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார், அவ்வளவுதான். அவர் சொன்னது சரி. முதல் மாதத்திலேயே பேசியிருந்தால் அவருக்குத் திருத்திக்கொள்ள ஏழு மாதம் இருந்திருக்கும். கருணை என்று நான் நினைத்துக்கொண்டது, சங்கடத்திலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை. கடினமான விஷயத்தைக் காலத்தில் எடுத்துச் சொல்ல முடியாதவர் மேலாளராவது டீமுக்குச் செய்யும் அநியாயம் என்று அன்று புரிந்தது.

நன்றாக வேலை செய்பவர் நன்றாக நிர்வகிப்பாரா?

கல்வியாளர் லாரன்ஸ் பீட்டர் 1969-லேயே எச்சரித்தார்: படிநிலை உள்ள அமைப்பில் ஒவ்வொருவரும் தனக்குத் திறமை இல்லாத படி வரும்வரை உயர்த்தப்படுகிறார், அங்கேயே நின்றும்விடுகிறார். ஆலன் பென்சன், டேனியல் லி, கெல்லி ஷூ ஆகிய மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் விற்பனையாளர் தரவுகளில் இதைச் சோதித்தார்கள். அதிகம் விற்றவர்களுக்கே பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆனால் மேலாளரான பிறகு அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனைதான் அடிவாங்கியது. பிறரோடு சேர்ந்து விற்பனை முடித்த அனுபவம் உள்ளவர்கள் மேலாளராக மேலாக இருந்தார்கள். கூகுள் தன் மேலாளர்களை ஆராய்ந்து நல்ல மேலாளருக்குரிய எட்டுப் பழக்கங்களைப் பட்டியலிட்டபோது, நல்ல பயிற்சியாளராக இருப்பது முதலிடத்தில் வந்தது. தொழில்நுட்பத் திறன் எட்டாவதாக, கடைசியில் நின்றது.

மேலாளர்களே தேவையில்லை என்பதல்ல இதற்கு அர்த்தம். அதே கூகுள் தன் ஆரம்ப காலத்தில் பொறியியல் மேலாளர்களை நீக்கிப் பார்த்தது. செலவுக் கணக்கிலிருந்து ஆட்களுக்கிடையிலான உரசல்வரை எல்லாம் நேராக நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜ் மேசைக்குப் போனதால், சில மாதங்களிலேயே அந்தச் சோதனையைக் கைவிட்டார்கள்.

சம்பளமும் ஏணியும்

பலர் மேலாளராவதற்கு உண்மையான காரணம் சம்பளம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. நிபுணர்களுக்கும் தனி ஏணி வேண்டும் என்று சில நிறுவனங்கள் எப்போதோ உணர்ந்துவிட்டன. ஐபிஎம் தன் தொழில்நுட்ப வல்லுநர்களுக்கான உச்சப் பதவியான 'ஃபெலோ' என்பதை 1962-லேயே தொடங்கியது. இன்று பல நிறுவனங்களின் கையேடுகளில் இந்த இரட்டை ஏணி இருக்கிறது. ஆனால் கையேட்டை நம்பாதீர்கள். அந்த ஏணியின் மேல் படிகளில் இப்போது எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். மேலாளர் பக்கம் இருபது பேரும் நிபுணர் பக்கம் ஒருவரும் இருந்தால், அங்கே நிபுணராகத் தொடர்வதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அதிகம். அப்போது மேலாளராவதைவிட வேறு நிறுவனம் தேடுவதே மேல்.

ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், அதற்காகத் தான் பொறியாளராக இருந்த ஹியூலெட்-பேக்கர்டு நிறுவன வேலையை விட முதலில் மறுத்தார். கம்பெனி தொடங்கினாலும் மேலாளராகாமல் பொறியாளராகவே இருக்கலாம் என்று ஒரு நண்பர் எடுத்துச் சொன்ன பிறகுதான் சம்மதித்தார். தனக்கு எது வேண்டாம் என்பதில் அவருக்கு இருந்த தெளிவைப் பெரிதாக மதிக்கிறேன்.

திரும்பி வர முடியுமா

முடியும், ஆனால் காலம் பார்த்து. முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் திரும்பினால் கை சீக்கிரம் பழகிவிடும். எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதற்கு மேல் போனால் கருவிகள் மாறிவிடும், உங்கள் சம்பளத்துக்கு உங்களை நிபுணராக எடுக்கவும் தயங்குவார்கள். திரும்பியதைச் சிலர் தோல்வி என்று பார்த்தார்கள், முதலில் வலித்தது. ஆனால் மேலாளராக இருந்து வந்த நிபுணருக்கு, மேலே ஒரு முடிவு ஏன் தாமதமாகிறது, எதை யாரிடம் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். அந்த இரண்டரை வருடம் எனக்கு வீணாகவில்லை.

என் கணிப்பு இது. சக ஊழியர் ஒருவர் உங்கள் மேசைக்குச் சந்தேகம் கேட்டு வரும்போது, விடையைச் சொல்லி அனுப்பிவிட்டு உங்கள் வேலைக்குத் திரும்பத் துடிப்பவரா நீங்கள்? நிபுணர் பாதையிலேயே ஆழமாகப் போங்கள். அவரே விடை காணும்வரை கூட உட்கார்ந்திருக்கப் பிடிக்கிறதா, சங்கடமான பேச்சையும் அந்த வாரமே பேசிவிட முடிகிறதா? மேலாளராகுங்கள், அப்படிப்பட்டவர்கள் குறைவு. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் உடனே தலையாட்டாமல் ஆறு மாதத்துக்கு ஒரு சின்னக் குழுவை, இரண்டு மூன்று பேரை மட்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பலாம் என்பதைப் பேச்சோடு விடாமல் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.